மோதிரமும் கிழமையும்: டோல்கீன் படைத்த உலகில் மந்திர மோதிரங்கள் இயங்கும் முறை

முன்னுரை

மோதிரம் விரலுக்கு அணியாவதொரு சிறு பொருள். ஆயினும் உலக இலக்கியங்கள் பலவற்றுள் அஃது அணியென்னும் எல்லையைக் கடந்து, கதையையே நடத்தும் உறுப்பாக நிற்கின்றது. காளிதாசரின் சாகுந்தலத்திலும் கம்பரின் சுந்தர காண்டத்திலும் மோதிரம் அடையாளப் பொருள். மறந்தார்க்கு நினைவையும் பிரிந்தார்க்கு உறுதியையும் தருவது. பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் வரும் கைகீசின் மோதிரம், அணிந்தாரைப் பிறர் கண்ணினின்றும் மறைப்பது. வடபுலத்து நார்சு மக்களின் தொன்மக் கதைகளில், ஓதின் என்னும் தெய்வத்திற்குரிய திரவுப்னிர் என்னும் வளையம் ஒன்பதாம் இரவுதோறும் தன்னையொத்த எட்டு வளையங்களை ஈன்றளிப்பது; ஆண்ட்வாரி என்னும் குள்ளனிடமிருந்து பறிக்கப்பட்ட மோதிரமோ, தன்னை உடையாரையெல்லாம் அழிக்கும் சாபம் ஏற்றது.

இவ்வரிசையில் இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை ஆங்கிலப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) படைத்த ஆற்றல் மோதிரங்கள். 'மோதிரங்களின் தலைவன்' எனத் தமிழில் வழங்கத்தக்க அவர்தம் பெருங்கதை 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. இதனைப் பயில்வார்க்கு ஐயங்கள் சில எழுதல் இயல்பு. மோதிரங்கள் அனைத்தையும் ஆளவல்லது என்று அந்நூல் கூறும் தலைமை மோதிரம், கதை நிகழுங்கால் அணிந்தவனைப் பிறர் காணாவாறு மறைப்பதன்றிப் பெரிதாக வேறொன்றும் செய்யக் காணோம். இத்துணைச் சிறு பயன் தரும் பொருளின்பொருட்டுப் பேரரசுகள் நடுங்குவானேன்? அஃது அழிந்த அளவில் அதனைச் செய்தவனும் அவன் கோட்டையும் ஏன் வீழ்தல் வேண்டும்? நன்மையே செய்துவந்த வேறு மூன்று மோதிரங்களும் உடன் ஒடுங்குவது எற்றுக்கு? இவ்வினாக்களுக்கு விடை இல்லையெனின், மோதிரம் என்பது கதையாசிரியர் தம் தேவைக்கேற்ப வளைத்துக்கொண்ட ஒரு சூழ்ச்சிப் பொருளாய் முடியும். அதன்மேல் எழுப்பப்பட்ட அறமும் உறுதியற்றதாகும்.

அவ்வாறன்று என்பதும், அம்மோதிரங்கள் வரையறுத்ததொரு முறைப்படியே இயங்குகின்றன என்பதும், அம்முறையை நம் இலக்கண நூலார் வகுத்த வேற்றுமைப் பொருள்களின் துணைகொண்டு எளிதின் விளக்கலாகும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அவற்றை முறையே ஆராய்வாம்.

நூலும் பாடமும்

டோல்கீன் 1925 முதல் 1945 வரை ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியராகவும், பின்னர் 1959 வரை அங்கேயே ஆங்கில மொழி இலக்கியப் பேராசிரியராகவும் விளங்கியவர். மோதிரங்களைப்பற்றி அறிய உதவும் அவர்தம் நூல்கள் நான்கு. 1937இல் வெளிவந்த 'ஹாபிட்' என்னும் கதை, மேற்கூறிய பெருங்கதை, அவர் மறைந்தபின் மகனார் கிறிசுடோபர் டோல்கீன் பதிப்பித்து 1977இல் வெளியிட்ட 'சில்மரில்லியன்', 1981இல் வெளிவந்த கடிதத் தொகுதி என்பன அவை. கடிதங்களுள், 1951இல் மில்டன் வால்ட்மன் என்னும் பதிப்பாளர்க்கு எழுதிய நெடுங்கடிதமும், 1963இல் வாசகர் ஒருவர்க்கென எழுதிய கடித வரைவும் நம் ஆராய்ச்சிக்குச் சிறப்பாகப் பயன்படுவன.

ஈண்டுப் பாடவேறுபாடு ஒன்று கருதத்தக்கது. பில்போ என்பான், ஹாபிட் எனப்படும் குறுமக்கள் இனத்தைச் சார்ந்தவன். அவன் நிலத்தடிக் குகையொன்றில் ஒரு மோதிரத்தைக் கண்டெடுக்கின்றான். அதனை இழந்தவன் அக்குகையில் வாழும் சுமீகோல். கொல்லம் என்னும் வழக்குப் பெயராலேயே வாசகர் அவனைப் பெரிதும் அறிவர். இருவரும் விடுகதைப் போட்டியில் ஈடுபடுகின்றனர். 1937இன் முதற்பதிப்பில், தான் தோற்றால் ஒரு பரிசு தருவதாகச் சுமீகோல் ஒப்புகின்றான்; தோற்றபின், தரக் கருதிய மோதிரத்தைக் காணாது வருந்திப் பொறுத்தருள வேண்டி, வெளியேறும் வழியைக் காட்டி விடுக்கின்றான். 1951இல் வந்த இரண்டாம் பதிப்பில் இப்பகுதி திருத்தப்பட்டது. அதில் மோதிரம் பந்தயப் பொருளன்று. அதனை இழந்தமை உணர்ந்த சுமீகோல், பில்போவைக் கொல்லுமாறு துரத்துகின்றான்.

இத்திருத்தம் வேண்டப்பட்டமைக்குக் காரணம் வெளிப்படை. 1937இல் அப்பொருள் மறைக்கும் மோதிரம் என்ற அளவினது. உடையான் மனமுவந்து பிறர்க்குக் கொடுத்தல் இயலும். பின்னெழுந்த பெருங்கதையின் மோதிரமோ, உடையார் தாமே விடமாட்டாத தன்மையது. இரு பாடங்களும் முரணுகின்றன. முரணை ஆசிரியர் நீக்கிய வகை நயமுடையது. பழைய பாடத்தை அவர் வறிதே தள்ளிவிடவில்லை. அது பில்போ தன் உரிமையை நிலைநாட்டுதற்குப் புனைந்துரைத்த பொய் எனப் பெருங்கதையின் தோற்றுவாயில் அமைத்துக்கொண்டார். எனவே பாடவேறுபாடே மோதிரத்தின் ஆற்றலுக்கு ஒரு சான்றாய் முடிந்தது. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

தோற்றமும் தொகையும்

நடுவுலகு எனத்தகும் அக்கற்பனை நிலத்தின் காலக்கணக்கில், இரண்டாம் ஊழியின் 1500ஆம் ஆண்டளவில் எரேகியோன் நாட்டு எல்வர் இனக் கைவினைஞர் மோதிரங்களைச் செய்யத் தொடங்கினர். மூப்பினால் இறவாத எல்வர், தாம் நேசித்த நிலமும் பொருளும் காலத்தால் தேய்வதைக் கண்டு வருந்துவோர். அவ்வருத்தமே வாயிலாக, சௌரான் என்னும் தீயோன் அன்னதார் என்னும் பெயருடன் அழகிய உருத்தாங்கி வந்து அவர்க்குக் கலையறிவு கற்பித்தான். அன்னதார் என்பதன் பொருள் கொடைகளின் தலைவன் என்பது. அவர்தம் தலைவனாகிய கெலெபிரிம்போர், சௌரான் தீண்டாத மூன்று மோதிரங்களை 1590இல் தானே செய்து முடித்தான். 1600ஆம் ஆண்டளவில் சௌரான், ஓரோதுருயின் என்னும் எரிமலையின் தீயில் தலைமை மோதிரத்தை மறைவாக வார்த்தான். அவன் அதனை அணிந்த அப்பொழுதே எல்வர் அவன் உள்ளத்தை அறிந்து தம் மோதிரங்களைக் கழற்றினர். 1693இல் போர் மூண்டது, 1697இல் எரேகியோன் அழிந்தது, கெலெபிரிம்போர் கொல்லப்பட்டான். மூன்றும் மறைக்கப்பட்டன. ஏனையவற்றைக் கைப்பற்றிய சௌரான், ஏழனைக் குள்ளர் இனத்தார்க்கும் ஒன்பதனை மாந்தர்க்கும் பங்கிட்டளித்தான்.

இதன்கண் நோக்கற்பாலது ஒன்றுண்டு. ஏழும் ஒன்பதும் பெறுவார் நோக்கித் தனித்தனியே செய்யப்பட்டன அல்ல. ஒரே பட்டறையில் ஒரே கலையால் ஆயவை. ஆயினும் குள்ளர்பால் ஒரு பயனையும் மாந்தர்பால் வேறொரு பயனையும் அவை விளைத்தன. எனவே வேறுபாடு மோதிரத்தின்கண் இல்லை. பெற்றார் இயல்பின்கண் உள்ளது என்பது போதரும்.

மற்றொன்று, கொடுத்தல் என்னும் செயலைப்பற்றியது. டோல்கீன் பயிற்றுவித்த பழைய ஆங்கிலச் செய்யுளில், அரசனைக் குறிக்கும் தொடர்களுள் ஒன்று வளையங்களை வழங்குவோன் என்பது. 'பேவுல்பு' காப்பியத்தில் இவ்வழக்கினைக் காணலாம். பொன்வளையம் பெற்ற வீரன் போர்க்களத்தில் தன் உயிரை ஈந்து அக்கடன் தீர்ப்பான். செஞ்சோற்றுக்கடன் என்று நாம் வழங்குவதும் இதனோடு ஒத்தது. ஆண்டுக் கொடை, இருவரையும் வெளிப்படையான அன்பினாலும் கடமையினாலும் பிணிப்பது. சௌரானும் வளையம் வழங்குவோனாகவே வருகின்றான். ஆயின் அவன் கொடையில் பெறுவான் அறியாத பிணிப்பு உள்ளே கரந்து நிற்கின்றது. பழைய அரசறத்தின் உயரிய சொல்லை அதன் தலைகீழ் வடிவில் நிறுத்தியதே மோதிரக் கதையின் வித்து எனல் தகும்.

ஆற்றலின் நால்வகை

1951ஆம் ஆண்டுக் கடிதத்தையும் நூல்களையும் ஒருங்குவைத்து நோக்கின், மோதிரங்களின் ஆற்றல் நால்வகைப்படும்.

முதலாவது நிலைபேறு. தேய்வைத் தடுத்தலும் தாழ்த்தலும் எல்லா மோதிரங்களுக்கும் பொதுவாகிய முதன்மை ஆற்றல் என்று ஆசிரியரே கூறியுள்ளார். கலாதிரியேல் என்னும் எல்வர் அரசி நென்யா என்னும் மோதிரத்தால் தன் வனநாட்டை வாடாது காத்தாள். எல்ராண்டு என்பான் வில்யாவால் தன் பள்ளத்தாக்கை ஓம்பினான். மூன்றாவதாகிய நார்யா, சோர்ந்த நெஞ்சங்களில் ஊக்கத்தீ மூட்டுமாறு காண்டால்பு என்னும் அறிஞன்பால் இருந்தது. இறப்பிற்குரிய மாந்தர்பால் இதே நிலைபேறு கொடுமையாகின்றது. அவர் வாழ்நாள் நீள்கின்றது, வாழ்வு வளர்வதில்லை. உள்ள உயிரே மெலிந்து நீட்டப்படுகின்றது. சுமீகோல் ஏறத்தாழ 500 ஆண்டுகள் இருளில் கிடந்து தேய்ந்தமை இதனாலேயாம்.

இரண்டாவது பெருக்கம். அணிவாரிடத்து இயல்பாக உள்ள ஆற்றலையும் வேட்கையையும் மோதிரம் மிகுவிக்கின்றது; இல்லாததைப் படைத்துத் தருவதில்லை.

மூன்றாவது மறைவு. அணிந்த மாந்தன் காணப்படா உலகின் எல்லைக்குள் புகுகின்றான். அதனால் அவன் உடல் பிறர்க்குத் தோன்றாது. காணப்படா உலகத்தார் அவனுக்குத் தோன்றுவர். அவர்க்கு அவனும் தோன்றுவான். எனவே மறைவு என்பது ஒருபக்க மறைவே. நண்பர்க்கு மறைந்தவன் பகைவர்க்கு வெளிப்படுகின்றான். மூன்று எல்வர் மோதிரங்களுக்கு இவ்வாற்றல் இல்லை. சௌரானின் தொடர்பு மிக்க மோதிரங்களுக்கே உரியது.

நான்காவது பிணிப்பு. பிற மோதிரங்களால் செய்யப்படுவனவற்றைத் தலைமை மோதிரம் உடையான் அறியவும், அவற்றை உடையாரின் எண்ணங்களை ஆளவும் வல்லன். மூன்றினைச் சௌரான் தீண்டவில்லையாயினும், அவன் கற்பித்த கலையால் ஆயினமையின் அவையும் தலைமை மோதிரத்திற்கு உட்பட்டனவேயாம்.

இந்நான்கனுள் பெருக்க விதியே முதல் ஐயத்தைத் தீர்க்க வல்லது. குள்ளர் இனத்தார் பிறர் ஏவலுக்கு அடங்காத உரம் படைத்தோர். அவரை மோதிரம் நிழலுருக்களாக்க இயலவில்லை. ஆயின் அவர்பால் இயல்பாக இருந்த பொன்வேட்கையை அது பெருக்கிற்று. குவித்த பொன் பகையை அழைத்தது. ஒன்பது மோதிரம் பெற்ற மாந்தர் அரசராகவும் மறவராகவும் ஓங்கினர். பின்னர், தத்தம் உரத்திற்கும் தொடக்கத்தில் கொண்ட மனத்தின் நன்மை தீமைகளுக்கும் ஏற்ப விரைவாகவோ தாழ்த்தோ சௌரானுக்கு அடிமைப்பட்ட நிழலுருக்களாயினர். இவ்வளவை ஹாபிட்டுகள்பால் பொருத்திக் காண்க. பிறரை ஆளும் வேட்கை அவ்வினத்தார்பால் மிகச் சிறிது. பெருக்குதற்குரிய முதல் சிறிதாயின் பெருக்கமும் சிறிதாகும். பில்போவின் கையில் அம்மோதிரம் மறைவு ஒன்றே தந்து நின்றமைக்குக் காரணம் இதுவே. தோட்டத் தொழிலாளனாகிய சாம் அதனைச் சிறிதுபொழுது தாங்கியபோது, பகைவன் நிலமெல்லாம் தன் ஆணையால் பூங்காவாதலைக் கண்டான். மோதிரம் அவனுக்குக் காட்டிய பேரரசும் ஒரு தோட்டமே! ஆளும் ஆற்றலைப் பயன்கொள்ள விரும்புவோன் முதலில் பிறரை அடக்குமாறு தன் உள்ளத்தைப் பழக்கிக்கொள்ளல் வேண்டும் என்று கலாதிரியேல் பிரோடோவுக்கு உணர்த்துவதும் இதுபற்றியே. டாம் பாம்படில் என்னும் பழமையோன் அதனை விரலில் இட்டும் மறையாது நின்றான். எதனையும் தன் ஆட்சிக்கீழ் வைக்க விரும்பாத ஒருவன்பால் மோதிரம் பற்றுதற்கு இடமே இல்லை.

மறுதலையாக, காண்டால்பும் கலாதிரியேலும் அதனைத் தொடவும் அஞ்சினர். அவர்பால் இருந்த ஆற்றல் பெரிது. நன்மை செய்யும் வேட்கையும் பெரிது. அவ்வேட்கை பெருகிப் பிறரைத் தம் கருத்துப்படி நல்லவராக்க முனையுமாயின், அது சௌரானின் ஆட்சியினும் தப்புதற்கு அரியதாகும். ஆகலின் மோதிரத்தைக் கண்டு அரசுகள் நடுங்கியமை, அது பில்போவின் கையில் செய்ததை நோக்கியன்று. வலியார் ஒருவர் கையில் செய்யக்கூடியதை நோக்கியே என்பது தெளியப்படும்.

புறத்தே வைத்த ஆற்றல்

இனி, இரண்டாம் ஐயத்தை நோக்குவாம். ஏழு கடல்களுக்கு அப்பால் ஒரு கிளியின்கண் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கன் கதையை நாம் இளமையிற் கேட்டிருக்கின்றோம். உருசிய நாட்டுக் கதைகளில் வரும் கொசேய் என்பானும் தன் உயிரை ஊசியொன்றனுள் வைத்து மறைத்தவன். சௌரானின் மோதிரமும் இவ்வகையினதே. ஆயின் நோக்கம் வேறு. அரக்கன் தன் உயிரைக் காத்தற்பொருட்டுப் புறத்தே வைத்தான். சௌரான் பிறரை ஆளுதற்பொருட்டுத் தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் புறத்தே வைத்தான். வலிய பிற மோதிரங்களை அடக்குதற்குரிய மோதிரம் அவற்றினும் வலிதாதல் வேண்டும். அவ்வலிமைக்கு வேறு முதல் இல்லாமையால் தன்னையே முதலாக இட்டான்.

இதனால் அவன் எய்திய ஊதியமும் இழப்பும் ஒருங்கே விளங்கும். மோதிரம் கையில் உள்ளபோது அவன் ஆற்றல் முன்னையினும் மிக்கது. கையை விட்டு நீங்கியபோதும் அஃது உலகில் உள்ளவரை அவன் அழிவதில்லை. இரண்டாம் ஊழியின் 3441ஆம் ஆண்டில் இசில்தூர் என்னும் அரசமகன் அவன் விரலைத் துணித்து மோதிரத்தைக் கவர்ந்தபோதும், அவன் பல நூற்றாண்டுகள் கழித்து மீண்டும் எழுந்தமை இதனாலாயிற்று. அதுவே அழியுமாயின், முதலாக இட்டதனைத்தும் போய்விடும். அவ்வாற்றலால் கட்டப்பட்ட கோட்டையும் நில்லாது. செயற்படுத்த விரும்பும் ஆற்றல் புறப்பொருளொன்றில் சென்று தங்குதல் வேண்டும் என்பதும், தங்கிய அளவே அதற்குரியவன் ஆணையினின்றும் அது நழுவும் என்பதும் டோல்கீன் தம் கடிதமொன்றில் இதற்குக் கூறும் விளக்கத்தின் கருத்தாகும்.

மூன்று மோதிரங்கள் உடன் ஒடுங்கியமையும் இவ்வாறே விளங்கும். அவற்றின் நோக்கம் தூயதேனும், ஆக்கிய கலை சௌரானுடையது. அக்கலையால் தலைமை மோதிரத்தொடு பிணிக்கப்பட்டவை. கொடியை வெட்டின் அதில் பூத்த மலரும் வாடுமன்றோ? ஆகவே, தலைமை மோதிரத்தை அழிக்கத் துணை செய்த எல்வர், அச்செயலால் தம் நாடுகளும் வாடும் என்று அறிந்தே செய்தனர். வெற்றியும் இழப்பாய் முடியும் இந்நிலை, பெருங்கதையின் அவலச் சுவைக்கு அடிநிலையாக உள்ளது.

கருவியும் கருத்தாவும்

மோதிரம் அணிந்தானை எவ்வாறு வெல்கின்றது? இதனை விளக்க மூன்றாம் வேற்றுமையின் பொருள்கள் துணையாகும். கருவி, கருத்தா, உடனிகழ்வு என மூன்றனைப் பவணந்தியார் நன்னூலில் கூறினார். 'வாளால் வெட்டினான்' என்புழி வாள் கருவி. 'தந்தையொடு வந்தான்' என்புழித் தந்தை உடனிகழ்வு. 'சோழனால் கோயில் எழுந்தது', 'தச்சனால் தேர் அமைந்தது' என்பவற்றுள் சோழன் ஏவுதற் கருத்தா. தச்சன் இயற்றுதற் கருத்தா. கருவிக்கும் கருத்தாவுக்கும் உருபு ஒன்றாதலை உணர்க. 'மோதிரத்தால் ஆயிற்று' என்று ஒருவர் கூறின், மோதிரம் கருவியோ கருத்தாவோ என்பது உருபால் தெரியாது. இடம்நோக்கியே தெளிதல் வேண்டும். டோல்கீனின் கதைமாந்தர் உற்ற மயக்கமும் இத்தகையதே.

தொடக்கத்தில் மோதிரம் கருவி. பில்போ அதனால் மறைகின்றான். நண்பரைச் சிறை மீட்கின்றான். அடுத்து அஃது உடனிகழ்வு. அதனொடு அவன் வாழ்கின்றான். சட்டைப்பையில் உளதா எனப் பன்முறை தொட்டுப் பார்க்கின்றான். அதனை நீங்கி அமைதி கொள்ள இயலாதவனாகின்றான். இறுதியில் மோதிரம் ஏவுதற் கருத்தாவாகவும், அணிந்தவன் அதன் ஏவல்வழி நிற்கும் இயற்றுதற் கருத்தாவாகவும் மாறுகின்றனர். ஒன்பது மாந்தரும் இவ்விறுதி நிலையை முற்றும் எய்தியோர். தமக்கென ஓர் எண்ணமும் அற்றோர்.

மோதிரத்திற்குத் தனி விழைவு உண்டு என்பதற்கும் நூலுள் சான்றுண்டு. மூன்றாம் ஊழியின் இரண்டாம் ஆண்டில் ஆற்றை நீந்திக் கடக்க முயன்ற இசில்தூரின் விரலினின்றும் அது தானே நழுவ, பகைவர் அவனைக் கண்டு அம்பெய்து கொன்றனர். சுமீகோல் அதனைக் கைவிட்டிலன். அதுவே அவனைக் கைவிட்டது என்று காண்டால்பு தெளிவுறக் கூறுகின்றான். கைகீசின் மோதிரத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஈண்டே விளங்கும். பிளேட்டோவின் மோதிரம் தனக்கென விழைவு அற்றது. காண்பார் இல்வழியும் மனிதன் அறத்தின்கண் நிற்பானோ என்று வினவுதற்கு அமைந்த உரைகல். டோல்கீனின் மோதிரமோ மனிதனைச் சோதிப்பதோடு அமையாது, அவனைத் தன் வழியில் நடத்தவும் செய்கின்றது.

தற்கிழமையும் பிறிதின்கிழமையும்

கருவி கருத்தாவாக மாறும் வாயில் யாது எனின், கிழமை என்க. கிழமையாவது உரிமை, ஆறாம் வேற்றுமைப் பொருள். 'சாத்தனது கை' என்பதில் கை சாத்தனின் வேறன்று, ஆகலின் தற்கிழமை. 'சாத்தனது வீடு' என்பதில் வீடு அவனின் வேறு; ஆகலின் பிறிதின்கிழமை. வேற்றுப்பொருளைக் கொடுக்கலாம், விற்கலாம், இழந்தும் வாழலாம். உறுப்பினை அவ்வாறு நீக்கல் இயலாது.

சௌரானுக்கு மோதிரம் தற்கிழமைப் பொருள். அவன் ஆற்றலே அதனுள் உள்ளது. ஏனையோர்க்கு அது பிறிதின்கிழமைப் பொருளே. ஆயின் மோதிரம் உடையார் நெஞ்சில், தான் அவர்க்குத் தற்கிழமை என்னும் மயக்கத்தை விளைக்கின்றது. 'என் மோதிரம்' என்று எண்ணுவோன், 'என் கை' என்பது போல எண்ணத் தொடங்குகின்றான். இம்மாற்றத்தின் முதற்குறி, உரிமை பற்றிக் கூறும் பொய். சுமீகோல், தன் உறவினனாகிய தேகோலைக் கொன்று மோதிரத்தைப் பறித்தவன்; பின் அது தனக்குப் பிறந்தநாட் பரிசாக வந்தது என்று கூறித் தானும் அதனை நம்பினான். பில்போ கண்டெடுத்தவன், பின் அது போட்டியில் வென்ற பரிசு என்று கூறினான். இருவரும் 'பரிசு' என்னும் ஒரே சொல்லால் தம் உரிமையை நாட்ட முயன்றமை காண்டால்புக்கு ஐயத்தை எழுப்பிற்று. முன்னர்க் கூறிய பாடவேறுபாட்டின் பயன் இதுவாகும். 1937இன் பாடம், 1954இன் கதையில் மோதிரம் விளைத்த முதற்பொய்யாக நிலைபெற்றது.

இருவர்க்கும் உள்ள வேறுபாடும் கருதற்பாலது. சுமீகோலின் உரிமை கொலையில் தொடங்கிற்று. பில்போவின் உரிமை இரக்கத்தில் தொடங்கிற்று. மறைந்து நின்று கொல்ல வாய்த்தபோதும் அவன் சுமீகோலைக் கொல்லாது விட்டான். ஆகலின் சுமீகோல் இறுதிவரை மோதிரத்தை விடமாட்டாதவன் ஆயினான். பில்போ, காண்டால்பின் துணையோடு ஆயினும், அதனைத் தானே விட்டுச் செல்ல வல்லவன் ஆயினான். உரிமை தொடங்கிய முறையே அதன் முடிவையும் வரையறுக்கின்றது.

பிரோடோவின் முடிவு

இவ்வாராய்ச்சியால் பயன்பெறும் இடம் பெருங்கதையின் உச்சநிலை. மோதிரத்தை எரிமலையில் இட்டு அழிக்கும் கடமையை ஏற்ற பிரோடோ, அரும்பாடுபட்டு மலையின் உள்ளே தீப்பிளவின் விளிம்பை அடைந்தபின், அதனை அழிக்க மறுத்துத் தனக்கே உரியது என்று கூறி அணிந்துகொள்கின்றான். சுமீகோல் பாய்ந்து அவன் விரலைக் கடித்துத் துண்டித்து, மோதிரத்தொடு தீயில் வீழ்கின்றான். தலைவன் கடமையில் தவறினான், தற்செயலே வென்றது, ஆகவே முடிவு பொருந்தாது என்பார் உளராயின், அவர்க்கு விடை கூறல் வேண்டும்.

பிரோடோ அவ்விடத்துத் தோற்றான் என்பதை டோல்கீன் மறைக்கவில்லை. ஆயின் 1963ஆம் ஆண்டுக் கடித வரைவில், அது பழிக்கத்தக்க ஒழுக்கக் குறையன்று என்று விளக்குகின்றார். மோதிரத்தின் அழுத்தம் அதன் பிறப்பிடத்தில் உச்சத்தை எய்தும். நெடுங்காலம் அதனைத் தாங்கி உடலும் உள்ளமும் ஓய்ந்த எவரும் அதனை எதிர்த்தல் இயலாது. பிரோடோ தன்னால் இயன்றது முழுதும் செய்து, பணி நிறைவேறுதற்குரிய சூழலை உண்டாக்கினான் என்பது அவர் கருத்து. நம் விளக்கப்படி கூறின், பிறிதின்கிழமை முற்றும் தற்கிழமையாகிவிட்ட நிலை அது. அந்நிலையில் மோதிரத்தைக் கழற்றி எறிதல் என்பது இல்லை. விரலும் உடன் போயே ஆதல் வேண்டும். அவ்வாறே போயிற்று. சௌரானிடமிருந்தும் அது விரலொடு வெட்டியே எடுக்கப்பட்டமை ஒப்புநோக்குக. தொடக்கத்தில் சௌரான் நின்ற இடத்தில் இறுதியில் பிரோடோ நிற்கின்றான். மோதிரம் உறுப்பாகிவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

சுமீகோல் அங்கு வந்தது தற்செயலும் அன்று. பில்போ ஒருகால் அவனைக் கொல்லாது விட்டான். பிரோடோ வழியில் அவனைப் பிடித்தும் உயிரளித்தான். மலைச்சரிவில் சாமும் வாளோங்கியபின் இரங்கி விடுத்தான். மூவரும், கொல்லும் உரிமை தம்பால் இருந்தும் அதனைக் கொள்ளாதோர். மோதிரம் உரிமைகொள்ளலால் இயங்குவது. அதனை அழித்ததோ உரிமைகொள்ளாமையின் விளைவு. ஆகவே முடிவு முறைபிறழ்ந்ததன்று. மோதிரம் இயங்கும் முறையின் மறுதலையாகவே வந்து பொருந்துகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: மோதிரங்களின் ஆற்றல் நிலைபேறு, பெருக்கம், மறைவு, பிணிப்பு என நால்வகைப்படும். அவை உடையாரின் இயல்புக்கேற்பப் பயன் விளைப்பன. தலைமை மோதிரம் அதனைச் செய்தவனின் ஆற்றலையே முதலாகக் கொண்டமையின் அதன் அழிவு அவன் அழிவாயிற்று. அணிந்தார்பால் அது கருவியாகத் தொடங்கி, உடனிகழ்வாய்த் தொடர்ந்து, ஏவுதற் கருத்தாவாய் முடிகின்றது. அம்மாற்றத்திற்கு வாயில், பிறிதின்கிழமையைத் தற்கிழமையாக மயங்குதல்.

இம்மோதிரத்தை அணுகுண்டின் உருவகம் என்று கூறினாரும் உளர். நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், தம் கதை இரண்டாம் உலகப் போரின் உருவகமன்று என்று ஆசிரியர் மறுத்துள்ளார். உருவகமாகக் கொள்ளாவிடினும் அதன் பொருத்தம் குறைவதில்லை. தன் கருவி என்று ஒருவன் கைக்கொண்ட பொருள் அவனைத் தன் கருவியாக்கிக்கொள்ளுதல், அரசியலிலும் செல்வத்திலும் கல்வியிலும் கூட நிகழ்வதே. 'என்னுடையது' என்னும் சொல்லை ஒருவன் எந்த வேற்றுமைப் பொருளில் வழங்குகின்றான் என்று தன்னைத்தான் வினவிக்கொள்ளுதற்கு இப்பெருங்கதை இடந்தருகின்றது. புனைவுலகின் மந்திரப் பொருள்களையும் இலக்கண நெறிநின்று ஆராய்தல் வீணன்று என்பது இதனால் புலனாகும்.